டிசம்பர் 17 ஜெபக்கூட்டம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

புதன் மாலை 6.30-க்கு ஆலய ஹாலில் கூடுகிறோம். 2023-இல் வெள்ளம் வந்த நாள் அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. இன்னும் வானம் கறுத்தாலே நமக்குப் பதறுகிறது. பேதுருவும் இயேசுவைப் பார்த்தவரை கடல்மேல் நடந்தார், காற்றைப் பார்த்ததும்தான் அமிழ்ந்தார்.

1. சங்கீதம் 46, மத்தேயு 14:22-33 வாசித்து வரவும்.
2. முதல் 10 நிமிடம் மௌனம். போனை அணைத்துவிடுங்கள் (எனக்கும் சேர்த்துத்தான்).
3. புயல் வதந்திகளைக் குழுவில் போட வேண்டாம். வானிலை மையம் சொல்வது போதும்.
4. ஜெபக் குறிப்புகள் செவ்வாய்க்குள். கடன், வேலை, வியாதி எதுவானாலும் சரி. பெயர் வேண்டாமென்றால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பதில் போடுங்கள்; சுக்கு காபிக்குக் கணக்கு வேண்டும்.