கல்லை எடுங்கள், தரையைக் குலைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில், அமெரிக்கப் பாலைவனங்களில் ரத்தினக் கற்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, போகிறவர்கள் அள்ளி வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆரிகான் மாநிலத்தில் வசித்து, விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு கல் பொறுக்கக் கிளம்பிவிடுகிறவள் நான். கல் எடுப்பதில் தவறில்லை. ‘அள்ளி வரலாம்’ என்ற அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது.

அந்தப் பாலைவனங்களில் பெரும்பகுதி நிலம் கூட்டரசுக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசுக்கு உரியது. அதில் பெரும் பரப்பை நில மேலாண்மைப் பணியகம் என்ற அரசுத் துறை பார்த்துக்கொள்கிறது. சொந்த ஆசைக்காக, நியாயமான அளவில் கல் பொறுக்க அந்தப் பணியகம் பொதுவாக அனுமதிக்கிறது. விற்பதற்கு அனுமதி இல்லை. கல்மரத்துக்கு, அதாவது மண்ணுள் புதைந்து கல்லாகிப்போன பழங்கால மரத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. (விழுப்புரம் அருகே கல்மரப் பூங்கா உள்ள திருவக்கரைக்குப் போனவர்களுக்குக் கல்மரம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.) ஒருவர் ஒரு நாளில் 25 பவுண்டும் அதற்குமேல் ஒரு துண்டும் எடுக்கலாம், ஆண்டுக்கு 250 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 113 கிலோ. வெடி வைக்கவோ இயந்திரம் கொண்டு தோண்டவோ கூடாது.

தரையைக் குலைக்காமல் மென்மையாக எடுப்பது என்றால் என்ன என்பதை எங்கள் மாநிலத்தின் தென்கிழக்கில், பிளஷ் என்ற சிற்றூருக்கு வடக்கே உள்ள வறண்ட சமவெளியில் பார்க்கலாம். சூரியக்கல் எடுப்பதற்கென்றே பொதுமக்களுக்கு ஒதுக்கிய இடம் அங்கே இருக்கிறது, கட்டணம் கிடையாது. சூரியக்கல் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிம வகையைச் சேர்ந்தது. பழைய எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைக்குள் உருவானது. பாறை சிதைந்து மண்ணாகும்போது கற்கள் தாமாகவே வெளியே வந்து விழுகின்றன. மழையும் காற்றும் மேல்மண்ணை அரிக்க அரிக்கப் புதியவை தலைகாட்டுகின்றன. பெரும்பாலானவை வெளிர் மஞ்சள். உள்ளே செம்பு கலந்திருந்தால் சிவப்போ பச்சையோ காட்டும். சாய்த்துப் பார்த்தால் செம்புத் தகடுகள் மின்னும். 1987-இல் ஆரிகான் இதைத் தன் மாநில ரத்தினமாக அறிவித்தது.

இங்கே முதல் கருவி கண்தான். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் சூரியனைப் பார்த்தபடி மெல்ல நடந்தால், தரையில் கிடக்கும் கல் தானே ஒளிவிட்டுக் கூப்பிடும். குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மண்ணைச் சலிக்க விரும்பினால் சிறு மண்வெட்டியும் சல்லடையும் தாராளம். தோண்டிய குழியைப் புறப்படுமுன் மூட வேண்டும். தண்ணீர் கிடைக்காத இடம், கையோடு கொண்டு போக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் தனியாரின் சுரங்க உரிமை நிலங்கள் உள்ளன; அனுமதியின்றி அங்கே கல் எடுப்பது திருட்டு.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். பாலைவனத்தின் மேல்தோல் அவ்வளவு மெல்லியது. பல இடங்களில் சிறு கற்கள் நெருக்கமாக அமர்ந்து, அடியிலுள்ள நுண்புழுதியைக் காற்று கொண்டுபோகாமல் காக்கின்றன. வேறு இடங்களில் நுண்ணுயிர்களும் பாசியும் லைக்கனும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர்) மண்ணைப் பிணைத்து ஓர் ஓடாக்கியிருக்கின்றன. ஒரு மிதியில் அது நொறுங்கும். மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். இரண்டாம் உலகப் போருக்காக 1942 முதல் 1944 வரை கலிஃபோர்னியா, அரிசோனா பாலைவனங்களில் ராணுவப் பயிற்சி நடந்தது. அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டன் தொடங்கிவைத்த அந்தப் பயிற்சியில் டாங்கிகள் ஓடிய தடங்களை இன்றும் காணலாம். அப்படிப்பட்ட மண்ணில், ஒரு கல்லுக்காகப் பாதையை விட்டு ஜீப்பை இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மென்மையாக எடுத்தால் மிகச் சிறந்த கல் கிடைக்காமல் போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூட்டா மாநிலத்தின் டோபாஸ் மலையில், பாறைக்குள் மறைந்திருக்கும் டோபாஸ் என்ற புஷ்பராகம் தேன் நிறத்தில் இருக்கும். வெளியே வந்து வெயிலில் கிடந்ததும் நிறம் வெளுத்துவிடும். ஆகவே தரையில் பொறுக்குகிறவருக்குக் கிடைப்பது நிறமற்ற கல். நிறத்தை விரும்புகிறவர் சம்மட்டியை எடுக்கிறார். அங்கே பாறை உடைக்க அனுமதியுள்ள இடங்களும் இருக்கின்றன, அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனாலும் வெயில் வெளுத்த கல்லையே நான் விரும்புகிறேன். மலை தானாக உதிர்த்தது அது.

அரிசோனாவின் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. 1906-இலேயே பாதுகாக்கப்பட்ட அந்த இடத்தில் ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்துப் போனவர்கள் பலர் பிறகு மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாததால் அவற்றைப் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. தனியே ஒரு குவியலாகச் சேர்ந்துவிட்டன. கல்மரம் வேண்டுமென்றால், தனியார் நிலத்தில் எடுத்தவற்றை அருகிலுள்ள கடைகளே விற்கின்றன.

அதேபோல், கூராகச் செதுக்கிய அம்புமுனையோ கருங்கண்ணாடிக் கல்லில் செய்த கருவியோ கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். அவை பூர்வகுடி மக்களின் முன்னோர் விட்டுச் சென்றவை. பொது நிலத்திலிருந்து அவற்றை எடுப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவங்களுக்கும் உரிமம் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர்களில் உங்கள் வாசகர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கட்டுரையை நம்பி யாராவது தேசியப் பூங்காவில் கல்லைப் பையில் போட்டுக்கொண்டால் அபராதம் கட்ட நேரிடும். எனவே அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். போகும் நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அங்கே எதை, எவ்வளவு எடுக்கலாம் என்பதைப் புறப்படுமுன் அந்தந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுமாறு அதில் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
போர்ட்லண்ட், ஆரிகான்