கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருமுன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மார்கழி நெருங்கினால் எங்கள் சர்வீஸ் மேசையில் இடம் இருக்காது. பஜனை கோஷ்டி, கிறிஸ்துமஸ் கேரல், கோயில் கச்சேரி என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கீபோர்டு வேண்டியிருக்கிறது. "சவுண்டே மாறிப்போச்சு அண்ணே, உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போயிருச்சு போல" என்று கவலையோடு கொண்டுவருகிறீர்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு பழுதும் இருப்பதில்லை. யாரோ மாற்றிய ஒரு செட்டிங் அப்படியே நின்றிருக்கும். அவ்வளவு கனத்தைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கி நீங்கள் அலைவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

அதிகம் வரும் புகார் ட்ரான்ஸ்போஸால்தான், அதாவது எல்லா ஸ்வரங்களையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் செட்டிங். நேற்றிரவு பாடிய அம்மாவுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை, அதாவது 'ஜி ஷார்ப்' என்று வையுங்கள். வாசித்தவர் 'சி'யை சட்ஜமாக வைத்தே பழகியவர். ட்ரான்ஸ்போஸை மைனஸ் 4 ஆக்கிக்கொண்டு வாசித்திருப்பார். இப்போது 'சி'யை அழுத்தினால் 'ஜி ஷார்ப்' ஒலிக்கும். காலையில் பிள்ளை அதே கீபோர்டில் பாடம் வாசித்தால் டீச்சரின் ஹார்மோனியத்தோடு எப்படிச் சேரும்? சில மாடல்கள் அணைத்துப் போட்டால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், சில அப்படியே வைத்திருக்கும். சுருதி சேரவில்லை என்றால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

எண் பூஜ்யத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் இழைபோல ஒரு விலகல் கேட்கிறது என்றால் அது ட்யூனிங். கீபோர்டு 'ஏ' ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துக் கடையிலிருந்து வருகிறது. பழைய ஹார்மோனியம் அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ நிற்கலாம். ஹார்மோனியத்துக்குள் ஒலிக்கும் ரீடுகளை மேடையில் உட்கார்ந்து மாற்ற முடியாது. கீபோர்டுதான் இறங்கிவர வேண்டும். ட்யூனிங் பக்கத்துக்குப் போய் இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, அலை அலையாக வரும் நடுக்கம் அடங்கும்வரை மெதுவாக நகர்த்துங்கள். இதில் கண்ணை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள்.

இனி டோன், அதாவது எந்த வாத்தியத்தின் ஒலி என்பது. 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது ஏற்பாட்டில் 128 டோன்களுக்கு எண் கொடுத்தார்கள். 1 பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல், 105 சிதார், 112 ஷெனாய். எந்தக் கம்பெனி கீபோர்டானாலும் அந்தப் பட்டியலில் வரிசை இதுதான். கம்ப்யூட்டரோடு இணைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சில மென்பொருள்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அங்கே 105 கேட்டால் சிதார் வராது, பாஞ்சோ வரும். 128-க்கு மேல் டோன் உள்ள மாடல்களில் பேங்க் எண்ணும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பேங்க் தெரு என்றால் டோன் எண் கதவிலக்கம். தெருவைச் சொல்லாமல் 12-ஆம் நம்பர் வீடு என்றால் எந்த வீடு?

அந்த 128-இல் நாதஸ்வரமும் இல்லை, வீணையும் இல்லை. இது எங்களுக்கு நெடுநாளைய மனக்குறை. இந்தியாவுக்கென்று வரும் மாடல்களில் நம் வாத்தியங்கள் சிலவற்றைச் சேர்க்கிறார்கள். உங்களுடையதில் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாதவர்கள் வீணைக்குச் சிதார் டோனை எடுத்து, கட்ஆஃப் அல்லது பிரைட்னஸ் அளவைக் குறைத்துப் பாருங்கள். சிதாரின் இரைச்சல் அடங்கி நாதம் கொஞ்சம் உருண்டையாகும். வீணை ஆகிவிடாது, ஆனால் கேட்பவருக்கு உறுத்தாது.

கமகத்துக்கு, ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் வீல் என்ற சக்கரம் இருக்கிறது. அதன் எல்லை பொதுவாக இரண்டு அரைஸ்வரம் (ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு, கறுப்பையும் சேர்த்து, ஒரு அரைஸ்வரம்) என்று வைத்து வருகிறது. கூட்டி வைத்தால்தான் நன்றாக வளையும் என்று பலர் 12 வரை ஏற்றிவிடுகிறார்கள். பிறகு விரல் லேசாக அசைந்தாலும் ஸ்வரம் எங்கோ போய்விடுகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சி' சட்ஜம் என்றால் காந்தாரம் 'டி ஷார்ப்'. அதற்கு மேலே மத்யமம் இரண்டு அரைஸ்வரத்தில் இருக்கிறது, கீழே சுத்த ரிஷபமும் இரண்டில்தான். அந்தப் பெரிய அசைவுக்கே இரண்டு போதும்.

ஸ்ட்ரிங்ஸ் டோனில் "சவுண்டு லேட்டா வருது" என்பவர்களுக்கு: அட்டாக் நேரம், அதாவது அழுத்தியதும் ஒலி முழுதாக எழ எடுக்கும் நேரம், நீளமாக இருக்கிறது. வில் மெல்ல ஏறுவதுபோல் அந்த டோனை அமைத்திருக்கிறார்கள். மெதுவான பாட்டுக்கு அது அழகு. துரித காலத்தில் பாட்டு ஓடிவிடும், ஸ்ட்ரிங்ஸ் பின்னால் வரும். அட்டாக்கைக் குறையுங்கள். ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பினால் ரிலீஸையும் (விரலை எடுத்த பிறகு ஒலி நீளும் நேரம்) ரிவர்பையும் (எதிரொலி) குறையுங்கள். பியானோவோடு ஸ்ட்ரிங்ஸும் சேர்ந்து ஒலிக்க லேயர் போட்டு, ஸ்வரத்தை நீட்டும் பெடலையும் விடாமல் மிதித்தால், ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை நிறைந்து பழைய ஸ்வரங்கள் சட்டென அறுந்துபோகும். அதுவும் பழுதல்ல, பெடலை எடுத்து எடுத்து மிதியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இடது பக்கக் கட்டைகளில் கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்த ஒலி) மட்டும் வந்தால், ஆட்டோ அக்கம்பனிமென்ட் ஆன் ஆகியிருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் ஒரே சத்தம் என்றால் டச் ரெஸ்பான்ஸைப் பாருங்கள். ஆர்கன் டோனுக்கு மட்டும் அது இயல்பு. பெடலை விட்டால் நீள்கிறது, மிதித்தால் நிற்கிறது என்றால், மிதித்தபடியே ஸ்விட்ச் போட்டிருப்பீர்கள். காலை எடுத்துவிட்டு அணைத்துப் போடுங்கள். அரை மணி நேரத்தில் தானாக அணைவது ஆட்டோ பவர் ஆஃப். சத்தமே இல்லையென்றால், ஹெட்போன் ஜாக்கில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடாப்டரில் மட்டும் தயவுசெய்து பரிசோதனை வேண்டாம். பின் பொருந்துகிறது என்பதற்காக வேறு கம்பெனி அடாப்டரைச் செருகாதீர்கள். வோல்ட் வேறாக இருக்கும், சிலவற்றில் பிளஸ் மைனஸே மாறியிருக்கும். உண்மையிலேயே போர்டு போய் எங்களிடம் வந்தவற்றில் இந்தக் காரணம் அடிக்கடி உண்டு.

எல்லாம் குழம்பிவிட்டால் ஃபேக்டரி ரீசெட் இருக்கிறது. யமஹாவின் பல மாடல்களில் வலது கடைசி வெள்ளைக் கட்டையை அழுத்திக்கொண்டு ஆன் செய்வார்கள். ஆனால் நீங்கள் ரிஜிஸ்ட்ரேஷன் என்று சேமித்து வைத்த செட்டிங்குகளும் அதோடு அழியும். பென்டிரைவ் வசதி இருந்தால் முதலில் அதில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பாட்டு, டோன் எண், ட்ரான்ஸ்போஸ், ரிவர்ப் அளவு. 1970-இல் வந்த மினிமூக் என்ற சின்தசைசரில் நினைவகமே கிடையாது. குமிழ்கள் நின்ற இடத்தைத் தாளில் குறித்துவைத்துத்தான் வாசித்தார்கள். 1978-இல் வந்த ப்ராஃபெட்-5 என்ற சின்தசைசரில் செய்த டோனை ஒரு பொத்தானில் சேமித்து வைக்க முடிந்தது. இன்றைக்கும் அந்த நோட்டு உதவும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் தயங்காமல் வாருங்கள். பெடலையும் அடாப்டரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அவை இல்லாமல் பாதிப் பழுது எங்கள் மேசையில் தெரிவதே இல்லை. செட்டிங் மட்டும் என்றால் பணம் வாங்க மாட்டோம்.

அன்புடன்,
உங்கள் இசைக்கருவிக் கடையின் சர்வீஸ் பிரிவு