செயலாளர் அறிக்கை: அரசியல் அறிவியல் படிக்கும் பிள்ளைகளோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளுக்குத் துணையாக வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கூட்டம், கணக்கு பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. தீபாவளி மாதத்தைத் தவிர செயலவை ஒழுங்காகக் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், கணக்காய்வாளர்கள் இருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இன்றிலிருந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு விவரம் போய்ச் சேர வேண்டும், அதனால் புதிய செயலவைக்குத் தேர்வாகிறவர்கள் அடையாள அட்டை நகலை இன்றே கொடுத்துவிட்டுப் போனால் பெரிய உதவியாக இருக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது யுபியு, அதாவது மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்கும் விண்ணப்பம்தான். ஆறாம் படிவ எஸ்டிபிஎம் தேர்வு முடிவு வந்ததிலிருந்து பினாங்கின் பெருநிலப் பகுதியான பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். கணினியில் பாரம் நிரப்புவது கஷ்டமே இல்லை, முதல் தேர்வாக எதைப் போடுவது என்பதில்தான் வீட்டில் சண்டை. சட்டம், கணக்கியல் என்றால் யாரும் வாய் திறப்பதில்லை, அரசியல் அறிவியல் என்றதும் அப்பாவுக்கு முகம் மாறிவிடுகிறது. ஒரு பையனுக்கு அவன் பள்ளி ஆலோசக ஆசிரியரே "இதைப் படிச்சா கட்சிக் கொடிதான் தூக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்.

பிறையிலிருந்து வந்த ஓர் அம்மா மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "படிப்பெல்லாம் சரி தம்பி, நாளைக்குப் போலீஸ் வீட்டு வாசல்ல வந்து நிக்காதுல்ல?" அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் காரணம் இருக்கிறது, அதனால் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரிவாகவே வைக்கிறேன், மற்ற பெற்றோருக்கும் அது தேவைப்படும்.

1971-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம், நாம் ஆவ்கு என்று சொல்வது, மாணவர் கட்சியில் சேர்வதையும், ஒரு கட்சியை ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துச் சொல்வதையும்கூட நீண்ட காலம் தடுத்து வைத்திருந்தது. 2010 ஏப்ரலில் ஹுலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தபோது அங்கே போன தேசியப் பல்கலைக்கழக மாணவர் 4 பேர் மேல் அந்தச் சட்டப் பிரிவின்கீழ் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அவர்கள் நால்வரும் படித்துக்கொண்டிருந்தது அரசியல் அறிவியல். தேர்தலைப் பாடமாகப் படிக்கிற பிள்ளை தேர்தல் நடக்கும் இடத்துக்குப் போனதற்கே விசாரணை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள், 2011 அக்டோபர் 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகம் சிந்திப்பவர்களை வளர்க்க வேண்டும், எந்திர மனிதர்களை அல்ல என்ற பொருளில் நீதிபதி ஹிஷாமுடின் யூனுஸ் அதில் எழுதியதை நம் மாணவர்கள் பலருக்கு மனப்பாடமாகவே தெரியும். 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு மாணவர் கட்சியில் சேரலாம் என்றானது, வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கை கூடாது என்ற தடை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் மறுபடியும் திருத்திய பிறகுதான் விலகியது.

அந்த அம்மா மகனைப் பார்த்து, "நீ கட்சியில சேரப் போறியா?" என்றார். "இல்லம்மா, படிக்கப் போறேன்" என்றான். முதல் தேர்வாக மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து அரசியல் அறிவியலைப் போட்டார்கள், இடமும் கிடைத்தது. அதன் கெலுகோர் வளாகம் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே என்பதில் அம்மாவுக்கு ஒரு நிம்மதி. தேசியப் பல்கலைக்கழகம் என்றால் பாங்கி, வட மலேசியப் பல்கலைக்கழகம் என்றால் சிந்தோக், இரண்டுக்கும் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும்.

அந்தப் பையன் சொன்னதைத்தான் நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். இது ஒரு படிப்பு. யார் முடிவெடுக்கிறார்கள், எந்தச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது, யார் அவரைக் கேள்வி கேட்கலாம் என்று தேடிப் பார்ப்பதற்கான படிப்பு. இதை வெறும் பேச்சாகச் சொன்னால் பெற்றோர் நம்ப மாட்டார்கள். அதனால் சனிக்கிழமை வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலின் வாக்காளர் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டோம். சிலாங்கூரில் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், சரவாக்கில் இகான் தொகுதியில் 28 ஆயிரத்துச் சொச்சம். இரண்டுக்கும் மக்களவையில் ஒரே ஓர் இடம். கைப்பேசியில் வகுத்துப் பார்த்த பிள்ளைகள் பத்து மடங்குக்கு மேல் வந்ததும் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று திரும்பவும் தட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அரசமைப்பின் 13-ஆம் அட்டவணையைத் திறந்தோம். 1957-இல் ஒரு தொகுதி சராசரி அளவிலிருந்து 15 விழுக்காடு வரைதான் விலகலாம் என்றிருந்தது, 1962 திருத்தத்தில் கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி அளவுகூட இருக்கலாம் என்று தளர்ந்தது, 1973-இல் அந்த எல்லையும் போய்விட்டது. இப்போது இருப்பது கிராமத்துக்குக் கொஞ்சம் கூடுதல் எடை தரலாம் என்ற வாசகம் மட்டும்தான், எவ்வளவு என்று அளவு கிடையாது.

பெரும்பாலான பிள்ளைகள் இது அநியாயம் என்று கொதித்தார்கள். முதலாண்டு மாணவி ஒருவர் மட்டும் எழுந்து, ஆற்றிலும் கடலோரத்திலும் சிதறிக் கிடக்கும் ஊர்களை ஒரே பிரதிநிதி எப்படிச் சுற்றி வருவார், சாலையே இல்லாத இடத்தில் ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்த மக்கள் குரல் யாருக்குக் கேட்கும் என்று வாதாடினார். மற்றவர்கள் விடவில்லை, சரி, கூடுதல் எடை இருக்கட்டும், பத்து மடங்குக்கு என்ன நியாயம் என்று திருப்பிக் கேட்டார்கள். மேடையில் இந்த விஷயத்தைப் பேசுகிறவர் தன் கட்சிக்கு எது லாபமோ அதைத்தான் பேசுவார். இந்தப் பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்துச் சண்டை போட்டார்கள், மணி ஆகிவிட்டது என்று சொல்லி நான்தான் கலைத்துவிட வேண்டியிருந்தது.

இன்னொரு நாள் ஜார்ஜ்டவுனில் நடந்தோம். பாடாங் கோத்தாவில் வெள்ளையாக நிற்கும் மாநகர் மண்டபத்தின் முன் நின்று, 1951 டிசம்பரில் இந்த ஊரில் நடந்த நகராண்மைத் தேர்தலைப் பற்றிப் பேசினோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலாயாவில் மக்கள் வாக்களித்த முதல் நகராண்மைத் தேர்தல் அதுதான், கோலாலம்பூருக்கே அடுத்த ஆண்டுதான் வந்தது. 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது முதல் மேயர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன். முன்பு ஸ்காட் ரோடு என்று இருந்த சாலைக்கு இப்போது அவர் பெயர், அந்த வழியாகத் தினமும் மோட்டார் சைக்கிளில் போகிற பையனுக்கே அவர் யாரென்று தெரியவில்லை. பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போய் அன்று இரவே தேடிப் படித்திருக்கிறான்.

1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள், 1976 ஊராட்சிச் சட்டம் அதை அடியோடு மூடிவிட்டது. இன்றைக்கு மாநகர் மன்றத்தில் உட்காரும் 24 பேரும் நியமன உறுப்பினர்கள். 2012-இல் பினாங்குச் சட்டமன்றம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர ஒரு சட்டம் இயற்றியது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. வீட்டுக்கு முன்னால் சாக்கடை அடைத்தால் யாரிடம் போய் நிற்க வேண்டும், அவரை யார் நியமித்தது என்பதுவரை இந்தக் கதை வருகிறது. இரண்டு மாணவர்கள் இதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நூல் அலமாரியில் அதிகம் கைமாறியது கே.ஜே. ரத்னம் மலாயாவின் இன அரசியல் பற்றி எழுதி 1965-இல் வெளிவந்த ஆங்கில நூல். இந்தத் துறையில் நம்மவர்கள் இல்லையா என்று கேட்கும் பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்வதுண்டு: 2008 முதல் 2023 வரை பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக இருந்த பி. இராமசாமி, அதற்கு முன் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

வேலை பற்றியும் நேராகவே சொல்கிறேன். பட்டம் வாங்கியதும் யாரும் நாற்காலி போட்டு வைத்திருக்க மாட்டார்கள். பிடிடி எனும் அரசு அதிகாரிகளுக்கான தேர்வு எழுதி அரசு நிர்வாகத்துக்கும் வெளியுறவுக்கும் போகலாம், பத்திரிகை, ஆய்வு நிறுவனம், தொழிற்சங்கம், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் நல்ல மலாயும் நல்ல ஆங்கிலமும் இல்லாமல் எதுவும் நடக்காது, அதோடு புள்ளியியலும் வேண்டும். கணக்குக்குப் பயந்து கலைப் பிரிவுக்கு வந்த பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் ஆய்வுமுறைப் பாடத்தில் எஸ்.பி.எஸ்.எஸ். எனும் புள்ளியியல் மென்பொருளைப் பார்த்து மிரண்டு போகிறார்கள். அந்தப் பாடத்துக்கு உதவி கேட்டுத்தான் இந்த ஆண்டு நமக்கு அதிக அழைப்புகள் வந்தன.

ஆகவே வரும் ஆண்டுக்குச் செயலவை இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் அடிப்படை வகுப்பு, நம் உறுப்பினரான கணித ஆசிரியை நடத்தித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார், மடிக்கணினி இல்லாத பிள்ளைகளுக்கு இரவல் மடிக்கணினிதான் இன்னும் தேவை. இரண்டு, நம் நிகழ்ச்சிகளைத் திறந்து வைக்க எந்தக் கட்சிக்காரரையும் அழைப்பதில்லை என்பது. மாணவர் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம் உட்காருவதாக இருந்தால் யார் வந்தாலும் வரட்டும், மாலை மரியாதை வேண்டாம். இதில் சில மூத்த உறுப்பினர்களுக்கு மனவருத்தம் என்று தெரியும், நன்கொடை குறையும் என்கிறார்கள். குறையட்டும். 18 வயதுக்கு வாக்குரிமை 2021 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது, நம் வகுப்பில் உட்காரும் மாணவர்கள் அத்தனை பேரும் வாக்காளர்கள், யாருக்கும் கைதட்டுவதற்காக அவர்களை வரிசையில் நிறுத்த நான் உடன்பட மாட்டேன்.

துணைச் செயலாளர் பதவி காலியாக இருக்கிறது, மாணவர்களில் ஒருவர் முன்வந்தால் நல்லது. இரவல் வாங்கிய நூல்களைத் தேநீர் இடைவேளைக்குள் அலமாரிப் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த அறிக்கையை ஏற்று முன்மொழியும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.