ஈஜிஆரை அடைத்தாலும் புகைச் சான்றிதழ் கிடைக்கும்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய டீசல் கார் பராமரிப்பு பற்றிய கட்டுரையில், புகையை மறுசுழற்சி செய்யும் ஈஜிஆர் வால்வை அடைத்துவிட்டால் பிக்கப் கூடும் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் எனக்கும் இதே யோசனை சொல்லப்பட்டது. என் 2014 மாடல் கார் மேடு ஏறத் திணறியது; செக் இன்ஜின் விளக்கு அணையவே இல்லை. "ஒரு தகடு வெச்சு அடைச்சிடலாம் சார், அப்புறம் தொந்தரவே இருக்காது" என்றார் பட்டறைக்காரர். விளக்கு? அதற்கு ரீமேப் செய்ய, அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்ற, ஆள் இருக்கிறதாம். முதலில் கழற்றிக் காட்டுங்கள் என்றேன். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் கரியும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது, சுண்டுவிரல்கூட நுழையாது. கடைக்கு மூன்று கிலோமீட்டர், வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் என்று, இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடும் என் ஓட்டமும் இதற்கு ஒரு காரணம். அரை நாளில் சுத்தம் செய்து மாட்டினார். வண்டி பழையபடி இழுக்கிறது.

வெளியேறும் புகையில் ஒரு பங்கை ஈஜிஆர் மறுபடி இன்ஜினுக்குள் விடுகிறது. ஆக்சிஜன் குறைந்து எரியும் வெப்பம் தணிவதால், நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற நச்சு வாயுக்கள் உருவாவதும் குறைகிறது. அடைத்தால் கரும்புகை குறையும், வண்டியும் சுறுசுறுப்பாகத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு எகிறிவிடும். பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் மாசு விதி) டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் என்றிருந்த அதன் வரம்பை, 2020-இல் வந்த பிஎஸ்6 விதி 80 ஆக்கியது. பரிசோதனையின்போது மட்டும் அடக்கி வாசிக்கும் மென்பொருளை வைத்து 2015-இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டதும் இதே வாயுவால்தான்.

நம் ஊரில் அந்த மென்பொருள்கூடத் தேவையில்லை! புகைப் பரிசோதனை மையத்தில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடை யாரும் அளப்பதில்லை. ஈஜிஆரை அடைத்தவர் சான்றிதழோடு போவார், கரி பிடித்த வால்வோடு நேர்மையாக வந்தவர் மாட்டிக்கொள்வார். மாசு வரம்பை மீறி ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அளக்காமல் யாரிடம் வசூலிப்பது? எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) வரும் டாக்சிகளிலாவது பானெட்டைத் திறந்து, ஈஜிஆர் குழாயில் தகடு இருக்கிறதா என்று பார்க்கலாம். பெரிய செலவில்லை.

உங்கள் கட்டுரையாளரும் அடுத்த முறை, அடைக்கச் சொல்வதற்கு முன் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லட்டும்.

- ஒரு டீசல் கார்க்காரன், ஈரோடு