மீரியாபெத்தைக்குப் பிறகும் லயத்துக்கு வந்து சேராத எச்சரிக்கை

மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கும் பெருந்தோட்டக் கம்பனி நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவாக மலை இறங்கி, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. கணிப்பு சரிதான். சனங்களை அங்கிருந்து எடுக்கத்தான் ஆள் இல்லை.

நிறுவனத்தாரே, 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 ஆனாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற்றம் என்று அளவு வைத்திருக்கிறீர்கள். நல்ல அளவு. ஆனால் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் கணக்கு என்போம்; கீழ்க்கணக்கில் தூறும்போது மேற்கணக்கில் கொட்டும். முழுப் பிரதேச செயலகப் பிரிவுக்கும் ஒரே எச்சரிக்கை வந்தால், தன் லயத்துக்கு மேலே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு கணக்கிலும் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒரு மழைமானி வையுங்கள். வாசிக்க நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தேயிலைக்குள் நிலம் வெடித்தால், வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து, காலையும் மாலையும் இடைவெளியை அளக்கலாம். கருவி தானாகச் செய்வதும் அந்த வேலையைத்தான். மழை விட்ட பிறகும் அளக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இறங்கிய தண்ணீர் மண்ணின் பிடியைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். ஊற்று திடீரெனக் கலங்குவதையும் கதவு இறுகிக்கொள்வதையும் முதலில் பார்ப்பவர்கள் லயத்துப் பெண்கள். நடுராத்திரியிலும் அவர்களுக்குத் தமிழில் பதில் சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம் வேண்டும்.

கம்பனிக்காரர்களே, வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை நாளில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போடுங்கள். பேர் விழாது என்று தெரிந்தால் அடுப்பெரிய வேண்டிய வீட்டுக்காரி கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குத்தான் போவாள். அரைப்பேர் கதை அந்த நாளிலாவது வேண்டாம்.

2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகம் மறுபடி சரிந்தது. இனியும் "இடம் பார்க்கிறோம்" என்ற பதில் போதாது. அகற்ற வேண்டியவை என்று அடையாளம் கண்ட லயங்களின் பட்டியலைத் தோட்டம் தோட்டமாகத் தமிழில் வெளியிடுங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் எதிரே மாற்றுக் காணி எங்கே, குடியேற்றும் திகதி எது, பொறுப்பான அதிகாரி யார் என்று எழுதி, பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஊவாத் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஆசிரியர்