சாந்திக்கு, கார் விஷயமாக

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மலருக்குப் பெண் குழந்தை என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இப்போது அவளுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஆனாலும் இந்தச் செய்தியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். குழந்தைக்கு என்ன பெயர் என்று நீ எழுதவே இல்லையே?

மீதிக் கடிதம் முழுக்க நீங்கள் மதுரைக் கடையில் வாங்கிய அந்தப் பழைய கார்தான், அது தண்ணீரில் நின்ற வண்டி என்று உங்கள் மெக்கானிக் சொன்னதுதான். படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. "பழைய வண்டி வாங்கினால் இப்படித்தான், யாரிடம் போய்க் கேட்பது" என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருக்கிறாய். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. டயர் தேய்ந்திருக்கும், கிளட்ச் கனமாக இருக்கும், ஏசி சுமாராகத்தான் குளிரும். அதற்கெல்லாம் சேர்த்துத்தானே விலை குறைகிறது. தண்ணீரில் நின்ற வண்டியை "ஒரே ஓனர், எந்த அடியும் இல்லை, 42,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று சொல்லி 3,80,000 ரூபாய் வாங்குவது தேய்மானக் கணக்கில் வராது. அது ஏமாற்று.

உங்கள் மெக்கானிக் சொன்னது சரி என்றே எனக்கும் படுகிறது. நான் இன்சூரன்ஸில், வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வருவதைப் பார்க்கும் மோட்டார் கிளைம் பிரிவில் இருந்தபோது, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, இதே நோயோடு வந்த வண்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறேன். பவர் விண்டோ பாதியில் நிற்கும், டேஷ்போர்டில் ஏதாவது ஒரு விளக்கு மாறி மாறி எரியும், மழைநாளில் ஸ்டார்ட் ஆகாது. ஒயரிங் கனெக்டருக்குள் புகுந்த ஈரம் மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். வாங்கும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சீட் கவரை மாற்றி, பாலிஷ் போட்டு, உள்ளே வாசனை அடித்துவிட்டால் யாருக்குத்தான் தெரியும்? முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேறு பட்ட கோடு அப்படியே இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் வண்டல் இருக்கிறதா பார். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பாக்ஸில் பச்சை பூத்த முனைகள், எல்லாவற்றையும் படம் எடுத்து வை.

இன்னொன்று, வெளியில் பலருக்குத் தெரியாது. பழைய ஓனரின் இன்சூரன்ஸ் பாலிசி நகல் உன்னிடம் இருக்கிறதல்லவா, அதில் 'நோ கிளைம் போனஸ்' என்ற வரியைப் பார். கிளைம் வாங்காமலே வருடங்கள் போனால் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது, 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். வண்டி 2019-ல் வாங்கியது, ஒரே ஓனர் என்கிறார்கள். 2024-ல் புதுப்பித்த பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், முந்தைய வருடம் கிளைம் வாங்கியிருக்க வேண்டும், அல்லது பாலிசியை நடுவில் விட்டிருக்க வேண்டும். சென்னைப் பதிவு வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் கிடந்த கிடப்பை நான் நேரில் பார்த்தவள். அதே மாதம் உங்கள் பக்கமும் தாமிரபரணி ஊருக்குள் வந்தது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கே நனைந்ததோ! ஆனால் நம் ஊகம் நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது. காரைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஆர்.சி.யைக் காட்டி சர்வீஸ் வரலாறு கேளுங்கள். மீட்டரைப் பின்னால் சுற்றியிருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

"வாரண்டி கிடையாது, உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்படுகிறாய். அந்தத் தாளைக் காட்டித்தான் எல்லாரையும் திருப்பி அனுப்புகிறார்கள். வாரண்டி இல்லை என்றால் நாளைக்கு வரும் பழுதுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று வாதாடலாம், சரி. விற்கும்போதே தெரிந்து சொன்ன பொய்யை அந்தக் கையெழுத்து மூடாது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்று 1872-லேயே ஒப்பந்தச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் பொய்யான தகவல் தந்து விற்பது முறையற்ற வணிக நடைமுறை.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, நீ மதுரைக்கு அலைய வேண்டியதில்லை என்பது. கடை எங்கே இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. அவகாசம் 2 வருடம், ஆனால் ஒரு மாதம்கூடத் தள்ளாதே. தள்ளத் தள்ள "நீங்கள் ஓட்டிக் கெடுத்தது" என்பார்கள்.

வண்டியை இப்போது ரிப்பேருக்கு விடாதே. உங்கள் மெக்கானிக் நல்லவர்தான், இருந்தாலும் அவர் வாய்ச்சொல் போதாது. தகுதியுள்ள ஆட்டோமொபைல் இன்ஜினியர் ஒருவரிடமோ, வண்டிச் சேதத்தை மதிப்பிடும் லைசென்ஸ் உள்ள இன்சூரன்ஸ் சர்வேயரிடமோ எழுத்தில் அறிக்கை வாங்கு. நிபுணர் அறிக்கை இல்லாத ஒரே காரணத்தால் நியாயமான வழக்குகள் தள்ளுபடியானதைப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன். அறிக்கை கையில் வந்ததும், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பு. அவர்கள் போட்ட விளம்பரம், வாட்ஸ்அப்பில் அனுப்பியது எதையும் அழித்துவிடாதே. வண்டியை அவர்களே எடுத்துப் போய்ச் சரிசெய்து தருகிறோம் என்றால், என்ன பழுது, எந்தத் தேதியில் திரும்பத் தருவார்கள் என்று எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதே. இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து வை. சில கடைகள் அதற்கே இறங்கி வரும்.

"நாங்கள் புரோக்கர்தான், ஓனரிடம் கேளுங்கள்" என்பார்கள் பார். பணம் யார் கணக்குக்குப் போனது, ரசீதில் யார் பெயர் என்று பார்த்து எழுது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், கைக்கு வந்த வண்டியை முறைப்படி தெரிவித்துப் பொறுப்பேற்க வேண்டும். அந்த அங்கீகாரச் சான்றின் நகலையும் உன் நோட்டீஸிலேயே கேட்டுவிடு. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் இந்த ஆணையத்துக்கே போக முடியாது, சிவில் கோர்ட்டுதான். நல்லவேளை, நீங்கள் வாங்கியது கடையில்.

தம்பி மகன் இங்கிலாந்தில் போனில் சொன்னான், அங்கே கடையில் வாங்கிய பழைய கார் பழுதென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாமாம். ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போது அது இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். 2015-ல் வந்த சட்டம். இங்கே அந்தச் சுமை முழுக்க உன் தலையில். உன்னைப்போல் ஓய்வூதியப் பணத்தில் வண்டி வாங்கிய டீச்சர், விற்றவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை நிரூபிக்க அலைய வேண்டும். இது மாறியே ஆகவேண்டும், சாந்தி. மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டத்தில் இருக்கிறது, பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து. நடப்பில் இழுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்காக விட்டுவிடாதே.

எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படியேற மட்டும் கஷ்டம். தையில் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் பாலிசி நகலையும் நீ கையெழுத்துப் போட்ட தாளையும் படம் எடுத்து அனுப்பு. நோட்டீஸை நீயே தமிழில் எழுது, மனுவும் தமிழிலேயே இருக்கட்டும். அனுப்பும் முன் என்னிடம் காட்டு, வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன். அண்ணனிடமும் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு.

அன்புடன்,
விஜி