பின்னால் பிடிக்க ஆளில்லாத அலமாரி

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிறு மாலை

அன்புள்ள வேலு,

உன் கடிதமும் படமும் கோப்பன்ஹேகனிலிருந்து வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் பாதி, வலது தோள்பட்டை பாதி. தோள்பட்டைக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உன் மகள் பிள்ளைகள் இரண்டையும் பெட்டிக்குள் உட்கார வைத்து சைக்கிள் மிதிக்கிற படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பினாங்குப் பேச்சா மாதிரியே இருக்கு, இதைப் பார்க்கவா அண்ணன் அவ்வளவு தூரம் போனாரு?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. பேச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில், மலாக்காக்காரன் ஆளைப் பக்கத்தில் உட்கார வைப்பான், பினாங்கில்தானே முன்னால் வைப்பான். முன்னால் வைத்தால் சுமை கண்ணெதிரே இருக்கும், அது பெரிய நிம்மதி. அந்த ஊரின் கிறிஸ்டியானியா பகுதியில் இந்த மூன்று சக்கர வண்டியை 1984-இல் செய்யத் தொடங்கினார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கும் முன்னால், 1920-களிலேயே, இரண்டு சக்கரத்துக்கு நடுவே தாழ்வாகப் பலகை வைத்த 'லாங் ஜான்' என்ற நீள சைக்கிள் அங்கே ஓடியிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். பலகை தாழ்வாக இருக்கிறது பார், அதைச் செய்தவன் மூட்டை தூக்கியவனாகத்தான் இருப்பான். ஆனால் அவர்கள் ஊர் தட்டை. நம் தோட்டத்து மேட்டு லய வீடுகளின் செம்மண் இறக்கத்தில் மழை நாளில் அதை ஒருமுறை விட்டுப் பார்க்கச் சொல்.

சரி, ஊர்ச் சேதி. நம் தோட்டத்தில் மிச்சமிருந்த லயங்களையும் இடிக்கப் போகிறார்கள். வீடமைப்புத் திட்டம் வருகிறதாம். கித்தா (ரப்பர்) மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்தபோதே பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள், இப்போது செம்பனையும் போகிறது. கோயிலை என்ன செய்வார்கள் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அம்மாவின் சாமான்கள் பழைய வீட்டில்தான் கிடந்தன. மாதக் கடைசிக்குள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். லோரிக்காரன் 150 மலேசிய வெள்ளி கேட்டான். இருப்பது நாலு சாமான், தூரம் மூன்று கிலோமீட்டர். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அப்பாவின் ராலே சைக்கிள்தான் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டேன். என் வயது உனக்குத் தெரியும், உன் வயதுதான்.

தட்டுமுட்டுச் சாமானெல்லாம் இரண்டு நடையில் வந்துவிட்டன. அலமாரிதான் வம்பு. அம்மா கல்யாணத்துக்குப் பட்டணத்துச் சீனத் தச்சர் செய்து கொடுத்தது, மெரந்தி மரம், ஐந்தரை அடி உயரம், மூன்றடி அகலம். கதவையும் இழுப்பறைகளையும் கழற்றினேன். கண்ணாடிக் கதவை அம்மாவின் பழைய சேலையில் சுற்றித் தனியாக வைத்தேன். வெறும் கூட்டை எப்படி ஏற்றுவது? பக்கவாட்டில் நிறுத்தினால் அகலம் குறையும், ஆனால் சீட்டுக்கு மேலே மூன்றடி கோபுரம் நிற்கும், காற்றடித்தால் ஆளோடு சாயும். படுக்கப் போட்டால் உயரம் குறையும், ஆனால் இரண்டு பக்கமும் பிதுங்கி ஹேண்டிலைப் பிடிக்கவிடாது. உயரமான சுமையைவிட அகலமான சுமை மேல் என்று அப்பா சொல்வார். படுக்கத்தான் போட்டேன். சீட்டும் கேரியரும் ஒரே மட்டம் இல்லையே, அதனால் கேரியரில் சாக்கை மடித்து மடித்து உயர்த்தி மேலே ஒரு பலகையைப் போட்டேன்.

கட்டினது டியூப் ரப்பரால். கயிறு அதிர அதிரத் தளரும், ரப்பர் தளராது. டியூபை நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிப்போமே, நினைவிருக்கிறதா? ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை அது மெலிந்து வெளுக்கிற வரை இழுத்துச் சுற்ற வேண்டும். நாலாவது சுற்றில் சுமை லேசாக முனகும். கடைசிச் சுற்றை முந்தைய சுற்றுக்கு அடியில் செருகினால் போதும், முடிச்சே வேண்டாம், ரப்பர் ரப்பரைக் கவ்விக்கொள்ளும். இப்போது கடையில் கிடைப்பது பியூட்டைல் டியூப், பழைய ரப்பர் மாதிரி துள்ளி இறுக்காது. நாம் வெட்டிய ரப்பர்ப் பாலில் செய்ததில்லையே!

கட்டி முடித்து ஸ்டாண்டை எடுத்தேனோ இல்லையோ, குதிரை முன்கால் தூக்குகிற மாதிரி முன்சக்கரம் எழுந்துகொண்டது. ஹேண்டில் திரும்ப இடம் விட்டுக் கட்டியதால் அலமாரி பின்னால் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. முன்னால் பாரம் வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தேன். பாட்டி கப்பலில் கொண்டுவந்த அம்மி, குழவியோடு கிடந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மியைச் சாக்கில் போட்டு முன்னால் ஒரு பக்கம், குழவியும் அப்பாவின் இரும்புச் சாமான்களும் மறுபக்கம். முன்சக்கரம் தரையில் உட்கார்ந்தது.

இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிடுவது அப்பாவின் பால் டின் பாடம். கேரியரின் இரு பக்கமும் டின் மாட்டி, பால் உறைவதற்குள் கொட்டகைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மிதிப்பார். நிறைந்த டின் கல் மாதிரி அசையாமல் வரும். பாதி நிறைந்ததுதான் எமன். வளைவில் பால் உள்ளே ஒரு பக்கம் ஓடி, நிமிர்த்தும்போது மறுபக்கம் ஓடி, சைக்கிளைத் தள்ளாட வைக்கும். நிறைகுடம் தளும்பாது என்று நம் தமிழ் வாத்தியார் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு டின்தான் கண்ணில் வந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 1948-இல் அவசரகாலம் நம் ஊர்ப் பக்கத்தில்தானே தொடங்கியது, தோட்டத்துத் துரைமாரைச் சுட்ட பிறகு. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று தோட்டத்து கேட்டில் ஒவ்வொருவரையும் சோதிப்பார்களாம், சைக்கிள் பம்பைக்கூடக் கழற்றிப் பார்ப்பார்களாம். 1960-இல் எல்லாம் முடிந்துபோனது. ஆனால் நாம் பள்ளிக்குப் போகிற காலத்திலும் அப்பா கேட்டருகே வந்தால் இறங்கி, யாரும் கேட்காமலே மூட்டையின் ஒரு முனையை அவிழ்த்துக் காட்டுவார். காவல்கார ஜாகா சிரிப்பார். அப்பா சிரிக்கமாட்டார்.

கதைக்கு வருகிறேன். ஹேண்டில் எட்டாததற்கு ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டினேன். இது வியட்நாம்காரர்கள் வித்தை. 1954-இல் தியன் பியன் பூ சண்டைக்கு மூட்டை ஏற்றியவர்கள் மிதிக்கவே இல்லை. ஹேண்டிலில் ஒரு கழி, சீட்டுக் குழாயில் ஒரு கழி, தள்ளிக்கொண்டே 200 கிலோவுக்கு மேல் மலைப்பாதையில் கொண்டு போனார்கள். எனக்கு முன்கழி இருந்தது. பின்னால் பிடிக்கத்தான் ஆளில்லை.

பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன், படிவம் மூன்று படிக்கிறான். நல்ல பையன்தான், ஆனால் ஒரு கையில்தான் பிடிப்பான், மறு கையில் போன். மேட்டு லயத்து இறக்கம் வரை பழுதில்லாமல் வந்தோம். இறக்கத்தில் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை, அது சொல்லித் தெரிய வேண்டியது என்றே எனக்குத் தோன்றவில்லை. உன்னிடம் எப்போது சொன்னேன்? ராட் பிரேக், ஈர ரிம், பிடித்தால் கீச்சென்று சத்தம் மட்டும் வந்தது. பையன் வேறு வீடியோ எடுக்கக் கையை விட்டுவிட்டான். மூங்கில் என் தோளில் இடித்தது. அலமாரி மெதுவாக, மரியாதையாகவே, சாக்கடைப் பக்கம் சாய்ந்து படுத்தது. ஒரு கால் ஒடிந்தது. எனக்குத் தோளில் மருந்தெண்ணெய், அவனுக்கு வீடியோ. நூறு பேர் பார்த்தார்களாம்.

சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது 1973-இல் நாம் கோயில் கூரைக்குச் சிங்க் தகடு கொண்டு வந்ததுதான் நினைவில் ஓடியது. எட்டடித் தகடு ஆறு. ஒவ்வொரு லோரி கடக்கும்போதும் தகடு பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துச் சைக்கிளைத் திருப்பும். லோரிச் சத்தம் கேட்டதுமே நீ பின்னால் குந்தி உட்கார்ந்து உன் எடையைக் கொடுப்பாய். உன் இடது முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா? ஈப்போ புந்தோங்கில் கச்சான் பூத்தே என்கிற முறுக்கு, கடலை விற்கிறவர்களைப் பார்த்து அன்றே நீ சொன்னாய், முறுக்கு மூட்டைதான் சுமப்பதற்கு ஏற்ற மூட்டை, விழுந்தாலும் நொறுங்குவதோடு சரி என்று.

அலமாரி இப்போது எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில், ஒடிந்த காலுக்கு இரண்டு செங்கல் கொடுத்து நிற்கிறது. கண்ணாடிக் கதவை மறுநாள் என் மருமகன் காரில் கொண்டு வந்தான். அம்மி வாசலில் கிடக்கிறது, மனைவி அதன்மேல் துளசித் தொட்டியை வைத்துவிட்டாள்.

சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடிக்கிற போக்ஸ் லேசாக வளைந்திருக்கிறது. சைக்கிள் கடை முதலாளி தவுக்கேயிடம் கொண்டுபோனேன். உன் மகள் படத்தைக் காட்டியதும் அவர் என் சைக்கிளை மறந்துவிட்டார். பெட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். பேச்சாவில் திருப்பும்போது முன் இருக்கையே சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் அல்லவா, இதிலும் பெட்டி சேர்ந்து திரும்புகிறதா, இல்லை சக்கரம் மட்டுமா? குனிந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பிள்ளைகளை இறக்கிவிட்டு எடு.

உன்,
மாணிக்கம்